சார்லி பார்க்கர் கையில் இருந்த சக்ஸபோன்கள்

தொழில்முறைத் தரத்தில் ஒரு சக்ஸபோன் வாங்க நினைப்பவர் முதலில் விலையைக் கேட்டு மலைத்துப்போவார். மாணவர்களுக்கென்று செய்யப்படும் வாத்தியத்தை விட அது பல மடங்கு அதிகம். பிரான்ஸின் செல்மர், ஜப்பானின் யமஹா, யானகிசாவா என்று பெயர்களும் வரிசையாக வரும். எதை வாங்குவது, அவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்ற விவாதம் எங்கே எழுந்தாலும் ஒரு மனிதரின் பெயர் கட்டாயம் இழுக்கப்படும். அவர் சார்லி பார்க்கர். பிளாஸ்ரிக் சக்ஸபோனில்கூட உலகம் வியக்க வாசித்தவர் அவர், ஆகவே வாத்தியம் முக்கியமில்லை என்பது ஒரு சாராரின் வாதம்.

பார்க்கர் இறந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரது வாழ்க்கையை அவர் கையில் இருந்த வாத்தியங்களின் வழியே பார்த்தால் இந்த வாதம் பாதி உண்மை மட்டுமே என்பது தெரியவரும். மீதிப் பாதி வறுமை, போதை, சட்டம் ஆகியவற்றோடு பின்னிக் கிடக்கிறது.

சார்லி பார்க்கர் 1920 ஓகஸ்ட் 29ஆம் திகதி அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள கன்சாஸ் சிற்றியில் பிறந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் ஆற்றைக் கடந்து, மிசூரி மாநிலத்தில் அதே பெயரில் இருக்கும் பெரிய நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தை மேடைகளில் ஆடிப்பாடியவர். பின்னர் ரயிலில் சமையல் வேலை பார்த்தார். பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டார், கடைசியில் பிரிந்தே போய்விட்டார். தாய் அடி பார்க்கர் இரவில் தந்தி அலுவலகம் ஒன்றைத் துப்புரவு செய்து மகனை வளர்த்தார்.

லிங்கன் உயர்தரப் பாடசாலையின் வாத்தியக் குழுவில் சிறுவனுக்குப் பரிடோன் ஹோர்ன் என்ற பித்தளை வாத்தியம் கொடுக்கப்பட்டது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. தாய் தன் சேமிப்பிலிருந்து பழைய ஆல்ட்டோ சக்ஸபோன் ஒன்றை வாங்கிக்கொடுத்தார். பல கைகள் மாறி வந்த அந்த வாத்தியத்தின் மூடிகள் சரியாகப் பொருந்தவில்லை. றப்பர் பட்டிகளால் இழுத்துக் கட்டித்தான் அதை வாசிக்கவேண்டியிருந்தது என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே சக்ஸபோனின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் சக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி இது. பித்தளையால் செய்யப்பட்ட, போகப் போக அகலும் கூம்புக் குழாய். அதன் உடம்பில் இருபதுக்கும் அதிகமான துளைகள் உண்டு. அவற்றை விரல்களால் நேரடியாக மூடமுடியாது. தோல் ஒட்டிய மூடிகள் நெம்புகோல்களாலும் வில்களாலும் இயங்கி அவற்றை மூடித் திறக்கின்றன. ஒரே ஒரு மூடி மயிரிழை அளவுக்கு ஒட்டாமல் நின்றாலும் காற்று கசியும். கீழ்ஸ்தாயி சுரங்கள் எழாமல் அடம்பிடிக்கும். ஊதுபவர் தன்மீதே சந்தேகப்படுவார். குறை தன் மூச்சிலா, விரலிலா, வாத்தியத்திலா என்று புதிதாகப் பழகும் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. பார்க்கர் கற்கத் தொடங்கியது அப்படிப்பட்ட வாத்தியத்தில்தான்.

அன்றைய கன்சாஸ் சிற்றி ஊழல் நிறைந்த நகரம். அரசியல் தலைவர் ரொம் பெண்டர்காஸ்டின் பிடியில் மதுவிலக்குச் சட்டமும் அங்கே செல்லுபடியாகவில்லை. பொருளாதார மந்தத்தால் நாடு முழுவதும் கலைஞர்கள் வேலையிழந்து நின்றபோது, விடியும்வரை திறந்திருந்த இந்நகரத்தின் இரவு விடுதிகளில் வேலை இருந்தது. கவுண்ட் பேசியின் குழுவும் லெஸ்டர் யங் என்ற சக்ஸபோன் கலைஞரும் அங்கே வாசித்தார்கள். தாய் இரவு வேலைக்குப் போனதும் பதின்ம வயதுப் பார்க்கர் விடுதிகளின் பின்புறம் போய் நின்று கேட்பது வழக்கம்.

1936இல் ரீனோ கிளப்பில் நடந்த கூட்டு வாசிப்பு ஒன்றில் அவரும் மேடையேறினார். நடுவில் பாட்டின் போக்கைத் தவறவிட்டுத் தடுமாறினார். தாளவாத்தியக் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தன் சிம்பல் தட்டைக் கழற்றி அவரது காலடியில் எறிந்தார். விடுதி சிரித்தது. ஜாஸ் உலகில் மிக அதிகமாகச் சொல்லப்படும் அவமானக் கதை இதுதான்.

அதே ஆண்டு நவம்பரில் ஒரு நிகழ்ச்சிக்காகப் போய்க்கொண்டிருந்த வழியில் அவர் பயணித்த கார் விபத்துக்குள்ளானது. கூடவந்த ஒருவர் உயிரிழந்தார். பார்க்கருக்கு விலா எலும்புகள் முறிந்தன, முதுகெலும்பிலும் அடி. இந்த விபத்தால் இரண்டு விடயங்கள் அவர் வாழ்க்கைக்குள் வந்தன. ஒன்று, நட்டஈட்டுப் பணத்தில் வாங்கிய புதிய செல்மர் சக்ஸபோன். மற்றது, வலியைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட மோர்பின். ஹெரோயின் பழக்கத்தின் தொடக்கத்தை அவரது வரலாற்றை எழுதிய பலர் இந்தக் காலத்தோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

காற்று கசியாத வாத்தியம் கைக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. 1937 கோடையில் மிசூரியின் ஒசார்க் மலைப்பகுதியிலுள்ள விடுமுறைத் தலமொன்றில் குழுவோடு வாசிக்கப் போனார். லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு சுரத்தையும் மனப்பாடமாக்கினார். குழுவில் இருந்தவர்களிடம் சுர அடுக்குகளின் இலக்கணத்தைக் கற்றார். நாளொன்றுக்கு 11 முதல் 15 மணித்தியாலம் வரை மூன்று நான்கு ஆண்டுகள் பயிற்சி செய்ததாகப் பின்னாளில் ஒரு வானொலி உரையாடலில் அவரே சொன்னார். சத்தம் தாங்காமல் அயலவர்கள் வீட்டை மாற்றச்சொல்லித் தாயிடம் முறையிட்டதையும் நினைவுகூர்ந்தார். சிம்பலுக்குப் பயந்து ஓடிய பையன் ஊர் திரும்பியபோது வேறு ஆளாக இருந்தார்.

ஆனால் அந்தச் செல்மர் நிலைக்கவில்லை. 1930களின் முடிவில் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு சிக்காகோவில் வந்திறங்கியபோது அவரிடம் வாத்தியமே இல்லை என்று அங்கிருந்த கலைஞர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். கிழிந்த உடுப்போடு விடுதிக்குள் வந்து, மேடையில் இருந்தவரின் சக்ஸபோனை இரவல் கேட்டு வாங்கி ஊதியதும் எல்லோரும் வாயடைத்து நின்றார்களாம். இரக்கப்பட்ட அந்தக் கலைஞர் அவருக்கு ஒரு கிளாரினெட்டைக் கொடுத்துதவினார். சில நாட்களில் பார்க்கரும் இல்லை, கிளாரினெட்டும் இல்லை. அடைவு கடைக்குப் போயிருக்கும் என்பதை எல்லோரும் ஊகித்துக்கொண்டார்கள்.

இது அவரது வாழ்நாள் பழக்கமாயிற்று. ஹெரோயினுக்குக் காசு தேவைப்படும்போது கையில் இருந்த ஒரே பெறுமதியான பொருள் சக்ஸபோன்தான். அதை அடைவு வைப்பார். நிகழ்ச்சி வந்தால் யாராவது மீட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது இரவல் வாங்கவேண்டும். பிழைப்புக்கான கருவியையே விற்றுத் தின்னும் நிலைக்குப் போதை ஒருவரைத் தள்ளிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

1939இல் நியூயோர்க் போனார். ஜிம்மிஸ் சிக்கன் ஷக் என்ற உணவகத்தில் கோப்பை கழுவினார். பியானோ மேதை ஆர்ட் டேற்றம் அங்கே வாசித்துக்கொண்டிருந்தார் என்பதே அந்த வேலையில் அவருக்கிருந்த ஈர்ப்பு. கன்சாஸ் சிற்றியின் ஜே மக்ஷான் குழுவோடு 1941இல் டலஸ் நகரில் முதன்முதலாக வணிக இசைத்தட்டுக்காக ஒலிப்பதிவு செய்தார். பேர்ட், அதாவது பறவை என்ற பட்டப்பெயரும் அந்தக் குழுவில் இருந்த காலத்தில்தான் ஒட்டிக்கொண்டது. பிறகு ஹார்லெமின் மின்டன்ஸ், மன்றோஸ் ஆகிய விடுதிகளில் டிசி கிலெஸ்பி, தெலோனியஸ் மங்க் போன்றவர்களோடு இரவிரவாக வாசித்து ஒரு புதிய இசையை உருவாக்கினார். பிபொப் என்று அது பெயர்பெற்றது. ஆடுவதற்கான இசையாக இருந்த ஜாஸ், உட்கார்ந்து உன்னித்துக் கேட்பதற்கான இசையாக மாறியது அந்த ஆண்டுகளில்தான்.

1945 நவம்பர் 26ஆம் திகதி சவோய் நிறுவனத்துக்காக அவர் செய்த ஒலிப்பதிவு ஜாஸ் வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்று. பத்தொன்பது வயது மைல்ஸ் டேவிஸ் அதில் ட்ரம்பெட் வாசித்தார். அன்று பதிவான கோகோ என்ற உருப்படியின் வேகம் இன்றும் சக்ஸபோன் பழகுபவர்களைத் திகைக்கவைக்கிறது. ஆனால் அதே நாளில் பதிவான வேறு உருப்படிகளின் கைவிடப்பட்ட பிரதிகளைக் கேட்டால், நடுவில் றீட் கீச்சிடும் சத்தம் கேட்கும். றீட் என்பது சக்ஸபோனின் சீவாளி. நாதஸ்வரத்தின் சீவாளிபோல அதுவும் நாணலால் ஆனது. அது சரியில்லாவிட்டால் மேதைக்கும் கீச்சிடும்.

அனுபவமுள்ளவர்கள் வாத்தியத்துக்கு முன் மவுத்பீஸையும் றீட்டையும் பற்றிப் பேசுவது இதனால்தான். ஒலியின் குணத்தில் பெரும்பங்கு வாய்க்குள் இருக்கும் இந்த இரண்டையும், ஊதுபவரின் உதடு, தொண்டை, மூச்சு ஆகியவற்றையும் பொறுத்தது. பார்க்கர் ஊதுவதற்குக் கடினமான றீட்களைப் பயன்படுத்தியவர் என்று உடன் வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாருடைய வாத்தியத்தை இரவல் வாங்கினாலும் அவரது ஒலி அவரது ஒலியாகவே கேட்டதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

1945 டிசெம்பரில் கிலெஸ்பியோடு ஹொலிவூட் போனவர், மற்றவர்கள் திரும்பியபோது அங்கேயே தங்கிவிட்டார். ஹெரோயின் கிடைக்காத நாட்களில் மதுவால் அந்த இடைவெளியை நிரப்பினார். டயல் நிறுவனத்திடமிருந்து தனக்கு வரவேண்டிய உரிமைத்தொகையில் பாதியைப் போதைப்பொருள் விற்பவருக்கே எழுதிக்கொடுத்தார். 1946 யூலை 29ஆம் திகதி நடந்த ஒலிப்பதிவில் நிற்கவே முடியாத நிலையில் வாசித்தார். அன்றிரவு தங்குமிடத்தில் உடலும் மனமும் குலைந்துபோகக் கைதுசெய்யப்பட்டு, கமரில்லோ அரச மனநல மருத்துவமனையில் ஆறு மாதங்கள் வைக்கப்பட்டார்.

1947இல் தெளிந்த உடலோடு நியூயோர்க் திரும்பினார். மைல்ஸ் டேவிஸ், மக்ஸ் ரோச் ஆகியோருடன் அவர் அமைத்த ஐவர் குழு அவரது மிகச்சிறந்த குழு என்று பலரும் கருதுகிறார்கள். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரிலிருந்த எச். என். வைட் நிறுவனத்தின் கிங் சுப்பர் 20 ஆல்ட்டோ அந்த ஆண்டில்தான் அவர் கைக்கு வந்தது. அன்றைய அமெரிக்கத் தயாரிப்புகளில் முதல் தரமானது அது. வாழ்க்கையில் முதன்முறையாகப் புகழ், நல்ல குழு, நல்ல வாத்தியம் மூன்றும் ஒன்றாக அவரிடம் இருந்தன. அந்த வாத்தியமும் அடைவு கடைக்குப் போய்வரத் தவறவில்லை. இன்று அது வாஷிங்டனிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1949 டிசெம்பரில் பிரோட்வேயில் அவரது பட்டப்பெயரிலேயே பேர்ட்லாண்ட் என்ற விடுதி திறக்கப்பட்டது. ஆனால் ஒருவரின் பெயரில் விடுதி இருப்பதாலேயே அவர் அங்கே வாசிக்கலாம் என்றாகிவிடாது. நியூயோர்க்கில் மது விற்கும் விடுதிகளில் வேலை செய்யும் எவரும் பொலிஸ் வழங்கும் அனுமதி அட்டையை வைத்திருக்கவேண்டும். போதைப்பொருள் குற்றச்சாட்டு ஒன்றிருந்தால் அட்டை பறிபோகும். பில்லி ஹொலிடே, தெலோனியஸ் மங்க் என்று கறுப்பினக் கலைஞர்கள் பலரின் பிழைப்பை முடக்கிய விதி அது. 1951இல் பார்க்கரின் அட்டையும் பறிக்கப்பட்டது. நோயாளிக்கு மருத்துவம் கொடுக்காமல் வேலையைப் பறித்த அந்த நடைமுறை 1967இல்தான் நீக்கப்பட்டது.

அந்த இருண்ட காலத்தை ஒட்டித்தான் பிளாஸ்ரிக் சக்ஸபோன் கதைக்குள் வருகிறது. லண்டனில் வாழ்ந்த இத்தாலியரான ஹெக்டர் சொமருகா வடிவமைத்த கிராப்டன் என்ற ஆல்ட்டோ 1950இல் விற்பனைக்கு வந்தது. உடல் வெண்ணெய் நிற அக்ரிலிக், சாவிகள் பித்தளை. பித்தளை சக்ஸபோனின் விலையில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் எளிதில் உடையக்கூடியது. அதன் வில்கள் வழமையான வகையைச் சேர்ந்தவையல்ல என்பதால் பழுதுபார்ப்பதும் கடினம். 1960களின் பிற்பகுதியில் உற்பத்தி நின்றுபோனது.

1953 மே 15ஆம் திகதி கனடாவின் ரொறன்ரோ நகரில் மஸி ஹோல் அரங்கில் பார்க்கர் இந்தக் கிராப்டனோடு மேடையேறினார். உடன் வாசித்தவர்கள் கிலெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மக்ஸ் ரோச். அதே இரவில் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்துக்கான போட்டி நடந்ததால் அரங்கம் நிறையவில்லை. கலைஞர்களுக்குப் பேசியபடி பணமும் கிடைக்கவில்லை. ஆனால் மிங்கஸ் அன்று பதிவுசெய்துகொண்ட ஒலிநாடா இசைத்தட்டாக வெளிவந்து, ஜாஸின் மிகப் புகழ்பெற்ற நேரடிப் பதிவுகளில் ஒன்றாகிவிட்டது. வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் பார்க்கரின் பெயர் அதில் சார்லி சான் என்று அச்சிடப்பட்டது. கேட்டுப்பார்ப்பவருக்குப் பிளாஸ்ரிக் என்ற நினைப்பே வராது.

தனது பித்தளை வாத்தியம் அடைவில் இருந்ததால்தான் அவர் கிராப்டனை எடுத்தார் என்பது ஒரு கதை. விளம்பரத்துக்காக நிறுவனத்தார் கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. எதுவானாலும், வசதியும் வாய்ப்பும் இருந்தபோது அவர் தேடிப்போனது செல்மரையும் கிங்கையும்தான். பிளாஸ்ரிக்கில் வாசித்தது அவரது வல்லமையைக் காட்டுகிறது. அதைப் பிளாஸ்ரிக்கின் சிறப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

1954 மார்ச்சில் அவரது சின்ன மகள் பிரீ நோயால் இறந்தாள். அப்போது பார்க்கர் கலிபோர்னியாவில் இருந்தார். அந்த இழப்பிலிருந்து அவர் மீளவில்லை. அதே ஆண்டில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1955 மார்ச் தொடக்கத்தில் பேர்ட்லாண்டில் அவர் கடைசியாக வாசித்த நிகழ்ச்சி மேடையிலேயே சண்டையும் குழப்பமுமாக முடிந்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 12ஆம் திகதி, நியூயோர்க்கின் ஸ்ரான்ஹோப் ஹோட்டலில், ஜாஸ் கலைஞர்களின் ஆதரவாளரான பன்னோனிகா டி கொனிக்ஸ்வாட்டரின் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. உடலைப் பரிசோதித்த வைத்தியர் வயது ஐம்பதுக்கு மேல் என்று மதிப்பிட்டார். உண்மையில் அவருக்கு வயது 34.

1994 செப்ரெம்பரில் லண்டனின் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் அந்தக் கிராப்டன் 93,500 பவுணுக்கு விலைபோனது. வாங்கியது அவர் வளர்ந்த கன்சாஸ் சிற்றி நகரம். தாய் இரவில் தரை துடைத்துச் சேர்த்த காசில் சக்ஸபோன் பழகத் தொடங்கிய ஊரின் ஜாஸ் அருங்காட்சியகத்தில் அது இன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு உயிரோடிருந்தபோது அவரது சிகிச்சைக்குக் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் வராமல் போகாது.

இனி, வாங்கப்போகிறவர் இந்த வாழ்க்கையிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? இன்று அதிகமாகத் தேடப்படும் பழைய சக்ஸபோன் செல்மரின் மார்க் 6. அதற்குப் பல ஆயிரம் டொலர் கேட்கிறார்கள். அது சந்தைக்கு வந்தது 1954இல், பார்க்கர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு. அவரது புகழ்பெற்ற பதிவுகள் எதிலும் அந்த வாத்தியம் இல்லை. அவரது இசையைப் பின்தொடர்பவர் அந்தப் பெயருக்காக மட்டும் கடன்படவேண்டியதில்லை.

அதற்காக எதுவும் போதும் என்று எடுத்துக்கொள்வதும் பிழை. தொழில்முறை வாத்தியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் துல்லியமாகப் பொருந்தும் மூடிகளுக்கும், தேயாத பொறிமுறைக்கும், மேலிருந்து கீழ்வரை சுருதி பிசகாத குழாய்க்கும் உரியது. இவை இருந்தால் வாசிப்பவர் வாத்தியத்தோடு மல்லுக்கட்டாமல் இசையைக் கவனிக்கலாம். வாங்கமுன் இருட்டறையில் குழாய்க்குள் சிறு மின்விளக்கை இறக்கி, மூடிகளைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கலாம். மிகக் கீழான சுரத்தை மெதுவாக ஊதிப்பார்க்கலாம். தான் வழமையாகப் பாவிக்கும் மவுத்பீஸையும் றீட்டையும் கொண்டுபோய் இரண்டு மூன்று வாத்தியங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய வாத்தியமென்றால் திருத்தத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதும், திருத்தச் செலவுக்கென்று பணம் ஒதுக்கிவைப்பதும் நல்லது. ஒழுங்காகச் சரிசெய்யப்பட்ட நடுத்தர வாத்தியம், கசியும் விலையுயர்ந்த வாத்தியத்தை விட மேல்.

மிச்சத்தை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது. ஒசார்க் மலையில் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட கோடையும், அயலவர்கள் முறையிட்ட அந்த நீண்ட மணித்தியாலங்களும்தான் பார்க்கரோடு ஒவ்வொரு மேடைக்கும் போயின. அடைவு கடைக்காரரால் எடுத்துவைக்க முடியாத ஒரே சொத்து அதுதான்.